மாயெஸ்த்ரோ, டாய்!

இளைய மகள் போன கோடையில் இத்தாலிக்கு விடுமுறைக்குப் போய்வந்தாள். தேவாலயங்கள், பாழடைந்த அரண்மனைகள், கடற்கரை எல்லாம் பார்த்திருக்கிறாள். ஆனால் இங்கே கனடாவில், புரோசார்ட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவள் அதிகம் சொன்னது ஒரு கோப்பிக் கடையைப் பற்றித்தான். அன்றைக்குப் பெரிய உதைபந்தாட்டமாம். தெருவில் ஒரு வாகனம் இல்லை, கடைக்குள் நிற்க இடமில்லை. கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினாள். படம் ஆடிக்கொண்டே இருந்தது, சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. யாரோ ஒரு கிழவர் தொலைக்காட்சியைப் பார்த்து "டாய்! டாய்! டாய்!" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏனப்பா சிரிக்கிறீங்கள்?"

"நானும் இத்தாலியில மட்ச் பாத்தனான்."

"நீங்கள் எப்ப இத்தாலிக்குப் போனீங்கள்?"

"ஜோன் தலோன் மெட்ரோவில இறங்கி ஏழு நிமிசம் நடந்தால் வரும்."

அவள் பகிடி என்று நினைத்து எழும்பிப் போய்விட்டாள்.

எண்பத்தாறாம் ஆண்டு நான் பார்க் எக்ஸ்ரென்ஷனில், மூன்றாம் மாடியில், அகதி விண்ணப்பக்காரர் நாலு பேர் இருந்த ஒரு வீட்டில் இருந்தேன். ஊரில் பத்திரிகையில் பிழை திருத்தினவன், இங்கே துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினேன். வேலை பின்னேரம் ஐந்து மணிக்குத் தொடங்கும். என்னோடு ஒரே அறையில் படுத்தவர் மட்டக்களப்பைச் சேர்ந்தவர். நாற்பத்துநாலு வயது. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியர், மாவட்ட உதைபந்தாட்டப் போட்டிகளுக்கு மத்தியஸ்தர். எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிட்டோம். அவர் நாட்டை விட்டு வரும்போது கொண்டுவந்த சிறிய பையில் இரண்டு சேட்டு, ஒரு செபமாலை, கறுப்புக் கயிற்றில் கட்டிய ஒரு விசில் ஆகியவை இருந்தன. விசிலை ஏன் கொண்டுவந்தார் என்று நான் கேட்டதில்லை.

மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் மட்டக்களப்பில் இருந்தார்கள். ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை காலை மாஸ்டருக்கு நேர்முக விசாரணை என்று கடிதம் வந்திருந்தது. நிலையான வேலை இருக்கிறது என்று முதலாளி எழுதிக் கையெழுத்திட்ட கடிதம் கொண்டுவர வேண்டும் என்று அதில் அடிக்கோடிட்டிருந்தார்கள். கடிதம் இருந்தால் கோப்பு நகரும். கோப்பு நகர்ந்தால் குடும்பத்தைக் கூப்பிடலாம். இந்த இரண்டு வசனமும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அவருக்கு வேலை இருந்தது. இத்தாலியர் பகுதியில் சென் லோறோன் தெருவில் ஒரு கோப்பிக் கடை. பின்கட்டில் கோப்பை கழுவி, நிலம் துடைக்க வேண்டும். முதலாளி அறுபதை நெருங்கிய ஒரு தென் இத்தாலியர், முப்பது வருடத்துக்கு முன் கப்பலில் வந்தவர். இத்தாலிய மொழி மட்டும் முழுதாகத் தெரியும், பிரெஞ்சு அரைவாசி, ஆங்கிலம் ஐந்தாறு சொல். கடையின் கடிதம் காகிதங்களை அவருடைய மகள் பார்த்துக்கொண்டாள். பனிக்காலம் முழுவதும் மாஸ்டரும் முதலாளியும் ஒருவருக்கொருவர் விரலால் காட்டியே காலத்தை ஓட்டினார்கள். அதில் ஒரு தகராறும் வரவில்லை.

உலகக் கிண்ணம் தொடங்கியதும்தான் வந்தது. ஆட்டங்கள் மெக்சிகோவில். அங்கே நண்பகல் என்றால் எங்களுக்குப் பின்னேரம் இரண்டு மணி. இத்தாலியின் முதல் ஆட்டத்துக்குக் கடை நிரம்பிவிட, முதலாளி மாஸ்டரைப் பின்கட்டிலிருந்து முன்னுக்கு எடுத்தார். மேசைகளில் கோப்பை பொறுக்க வேண்டும். ஆட்டம் பாதியும் முடிந்திருக்காது, எங்கள் வீட்டுப் படியில் மாஸ்டரின் சப்பாத்துச் சத்தம் கேட்டது. இடுப்பில் கடையின் வெள்ளை ஏப்ரன் அப்படியே இருந்தது. அந்தக் கோலத்தோடு ஜோன் தலோன் தெரு நீளத்துக்கும் நடந்து வந்திருக்கிறார்.

"என்ன மாஸ்டர், மட்ச் முடிஞ்சுதோ?"

"எனக்கு முடிஞ்சிது."

"என்ன நடந்தது?"

"கிழவன் எனக்கு டேய் எண்டு சொல்றான், தம்பி. சும்மா டேய் இல்ல. 'மாஸ்டர், டேய்! மாஸ்டர், டேய்!' எண்டு அவ்வளவு சனத்துக்கு முன்னால நிண்டு கத்துறான்."

"இத்தாலிக்காரனுக்கு டேய் எண்டு எப்பிடித் தெரியும்?"

"ஏன் தெரியா? எனக்கு முன்னம் அங்க கோப்பை கழுவினது ஆரு? உங்கட யாழ்ப்பாணத்துப் பொடியனுகள் ரெண்டு பேர். அவனுகள் வாயத் திறந்தா டேய், மூடினா மச்சான். அவனுகள்தான் கிழவனுக்குப் பழக்கி வெச்சிருக்கானுகள்."

அந்த இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். அதனால் மறுத்துப் பேச முடியவில்லை.

"மாஸ்டர் எண்டும் சொல்லி டேய் எண்டும் சொன்னா அது என்ன? நக்கல். படிப்பிச்சவனக் கோப்பை பொறுக்க வெச்சிட்டு நக்கலடிக்கிறான். இருபது வருசம் படிப்பிச்சன், ஒருத்தன்ட வாயால டேய் கேக்கல்ல. கோட்டுக்கு வெளிய நிண்டு எனக்குக் கல்லெறிஞ்சவன்கூட 'சேர், அது கோல் இல்ல சேர்' எண்டுதான் எறிஞ்சவன்."

"அப்ப கடிதம்?"

அவர் ஏப்ரன் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு பின்பக்கம் இறுகியிருந்தது.

"விசில் ஊதினா ஊதினதுதான்" என்றார்.

அடுத்த நாள் ஏப்ரனைத் தோய்த்தார். அதற்கடுத்த நாள் மினுக்கி மடித்து, கடைப் பையில் போட்டு என்னிடம் தந்தார். "அவன்ட சாமான் நமக்கு வேணா. குடுத்திட்டு வா. ஒண்டும் கதைக்காத." வேறு இடங்களில் வேலை தேடிப் போனார். இரண்டு இடத்தில் எடுப்பதாகச் சொன்னார்கள். ஆனால் நேற்றுச் சேர்ந்தவனுக்கு நிலையான வேலை இருக்கிறது என்று யார் எழுதித் தருவார்கள்?

நான் ஏப்ரனோடு போன நாள் இத்தாலிக்கும் ஆர்ஜென்டீனாவுக்கும் ஆட்டம். வாசலில் நின்றவர்களை விலக்கித்தான் உள்ளே போக முடிந்தது. தொலைக்காட்சிப் பெட்டி கூரையோடு ஒட்டி ஒரு தட்டில் இருந்தது. படம் பிரெஞ்சு அலைவரிசை. அதன் குரலை முற்றாகக் குறைத்துவிட்டு, பக்கத்தில் இத்தாலிய வானொலியை முடுக்கி வைத்திருந்தார்கள். வானொலி படத்துக்கு ஒரு விநாடி முந்தியது. அதனால் கடையில் முதலில் கூச்சல், பிறகுதான் பந்து. முதல் பத்து நிமிடம் இது எனக்கு விளங்கவில்லை. எதிர்காலம் தெரிந்த சனத்துக்கு நடுவில் நிற்பது போலிருந்தது.

பையை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்றதால் முதலாளியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குள்ளமானவர், பெரிய முன்கைகள், நீலச் சட்டை. பந்து இத்தாலியின் காலில் இருந்தபோது "டாய்!" என்றார். பந்தை விட்டவனுக்கும் "டாய்!" என்றார், ஆனால் குரல் வேறு. கோப்பி இயந்திரம் சீறிச் சீறி நின்றபோது அதன் தலையில் தட்டி "டாய், டாய்" என்றார். தொலைபேசியில் மனைவியோடு கதைத்தபோது கெஞ்சுகிற குரலில் "டாய்ய்" என்று இழுத்தார். பிறகு கதவு திறந்தது. கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாக அந்தப் பகுதிப் பங்குச் சுவாமியார் வந்தார். எல்லோரும் வழிவிட்டார்கள். முதலாளி தன் நாற்காலியைத் தூக்கிப் போட்டு, அதைத் துணியால் துடைத்து, சுவாமியாரைப் பார்த்து இரண்டு கையையும் விரித்துச் சொன்னார்:

"டாய்!"

சுவாமியார் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார்.

இடைவேளையில் மகளைக் கண்டு ஆங்கிலத்தில் கேட்டேன். அவள் யோசித்து யோசித்துச் சொன்னாள். வா, கெதியாக, விடு, போதும், எழும்பு, பகிடி விடாதே, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "தா" என்று அர்த்தம். அவர்களில் யாரும் அப்படிப் பார்ப்பதில்லை.

"உங்கள் அப்பா அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டாராம்."

"மாயெஸ்த்ரோ" என்று திருத்தினாள். பள்ளிக்கூட ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். தகப்பன் மூன்று வகுப்புப் படித்தவர். பின்கட்டில் கோப்பை கழுவுகிறவர் ஆசிரியர் என்று அவள் சொன்ன நாளிலிருந்து அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாயெஸ்த்ரோ ஏன் போனார் என்று அவருக்கும் விளங்கவில்லை. ஆசிரியரைச் சனத்துக்கு முன்னால் கோப்பை பொறுக்க விட்டது தன் பிழை என்று நினைத்து, அந்த வேலையைத் தானே செய்துகொண்டிருக்கிறார். அவள் கை காட்டிய பக்கம் பார்த்தேன். ஆறு கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு முதலாளி சனத்துக்குள் திணறிக்கொண்டிருந்தார்.

ஏப்ரன் பையை நீட்டினேன். அவள் உள்ளே பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். "இவ்வளவு நன்றாக மடிக்க இங்கே ஒருவருக்கும் தெரியாது. அவரையே கொண்டுவரச் சொல்லுங்கள்."

மாஸ்டர் பையைக் கண்டதும் முகம் சுருங்கினார். "ஏன் திருப்பிக் கொண்டு வந்தாய்?"

நான் பார்த்ததையும் கேட்டதையும் வரிசையாகச் சொன்னேன். இயந்திரத்துக்கு, மனைவிக்கு, ஆட்டக்காரனுக்கு என்று சொன்னபோது அவர் அசையவில்லை.

"சுவாமியாருக்கும் டாய்தான் மாஸ்டர்."

"சுவாமிக்கா?"

"நாற்காலி துடைச்சுப் போட்டிட்டு."

"பாத்து நிண்டாயா? சுவாமி என்ன செய்தார்?"

"சிரிச்சுக்கொண்டு இருந்தார்."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். "அப்ப அவன் 'தா' எண்டுதான் சொல்லியிருக்கான்" என்றார். மறுகணம் தலையை ஆட்டினார். "இருக்கட்டும். ஊதின விசில மாத்த ஒண்ணா."

"லைன்ஸ்மன் கொடி காட்டினால்கூடவோ?"

"கொடி காட்டினா மத்தியஸ்தர் போய்க் கேக்கலாம்."

"கேட்டிட்டு மாத்தலாமோ?"

இருபது வருடம் ஊதிய மனிதர். சட்டத்தை என்னிடம் மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. "ஆட்டம் திரும்பத் தொடங்க முன்னம் எண்டா மாத்தலாம்" என்றார், மிகவும் மெதுவாக.

"நான்தான் லைன்ஸ்மன். கொடி காட்டுறன்."

"நீ யாழ்ப்பாணத்தான். உன்ட கொடிய எப்பிடி நம்புற?" சிரிக்காமல்தான் சொன்னார். "நானே வந்து என்ட காதால கேக்கணும்."

அப்படிச் சொன்னாரே தவிர, வெளிக்கிட ஒரு கிழமைக்கு மேல் எடுத்தார். கொரியாவோடு நடந்த ஆட்டமும் போய்விட்டது. கடைசியில் அவர் வந்தது இத்தாலிக்கும் பிரான்சுக்கும் ஆட்டம் நடந்த செவ்வாய்க்கிழமை. விசாரணைக்கு இடையில் ஒரு நாள்தான் இருந்தது. வெள்ளைச் சேட்டு, நீளக் காற்சட்டை, படிய வாரிய தலை. பையில் ஏப்ரன். ரயில் பாதைக்குக் கீழால் போகும்போது, "நான் வேலைக்கு வரல்ல. கேக்கத்தான் வாறன்" என்று இரண்டு தரம் சொன்னார்.

கடைக்குள் அவர் கதவோரமாக, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். முதலாளி எங்களைக் காணவில்லை. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் வானொலி ஒரு விநாடி முந்தி அறிவித்தது. கடை முழுவதும் அமைதியானது. அந்த அமைதிக்குள் பிரான்சின் பந்து வலைக்குள் போனது. பிறகு ஒரே "டாய்." மேசைக்கு மேசை, சுவருக்குச் சுவர். தாத்தாவைப் பார்த்துப் பேரன் சொன்னான். பேரனுக்குத் தாத்தா சொன்னார். சுவாமியார் தொலைக்காட்சிக்குச் சொன்னார். மாஸ்டர் ஒவ்வொரு வாயாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"என்ன மாஸ்டர்?"

"பொறு. நான் இன்னும் முடிவு சொல்லல்ல."

இடைவேளை வந்தது. முதலாளி தட்டை ஏந்திக்கொண்டு மேசைகளுக்குள் இறங்கினார். கோப்பைகள் சரியத் தொடங்கின. ஒன்று விழுந்து உடைந்தது, இரண்டாவது விளிம்புக்கு வந்துவிட்டது. மாஸ்டர் எப்போது என் பக்கத்திலிருந்து போனார் என்று நான் காணவில்லை. அவர் கை அந்த இரண்டாவது கோப்பையைப் பிடித்தபோதுதான் கண்டேன். முதலாளி நிமிர்ந்தார். அவர் முகம் முழுவதும் மலர்ந்தது.

"மாயெஸ்த்ரோ!" என்றார். பிறகு மற்றச் சொல்லைச் சொன்னார், நாற்காலி துடைத்த அதே குரலில்.

மாஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பையை நீட்டினேன். ஏப்ரனைக் கட்டிக்கொண்டார்.

இரண்டாம் பாதியில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டது. அதோடு முடிந்தது. யாரோ வானொலியை நிறுத்தினார்கள். வெளியே ஒரு கார் ஹோன் அடித்துக்கொண்டு போனது, ஒருவரும் திரும்பவில்லை. மரண வீட்டிலிருந்து போவது போல ஒவ்வொருவராகத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள். முதலாளி தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மகளிடம் கடிதத்தைப் பற்றி முன்னமே சொல்லியிருந்தேன். அவள் பிரெஞ்சில் தட்டச்சுச் செய்து, பேனாவோடு தகப்பனின் முன்னால் வைத்தாள். அவர் பார்க்கவில்லை. ஏதோ சொன்னாள். கையை அசைத்துவிட்டார்.

"இன்றைக்கு அப்பா ஒன்றும் செய்யமாட்டார்" என்றாள். "இத்தாலி வெளியேறினால் அடுத்த நாள் கடை பூட்டு. வியாழன் பின்னேரம் வர முடியுமா?"

வியாழன் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. எனக்கு வேலைக்குப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. மாஸ்டர் தட்டோடு நின்றார்.

"கேளுங்கோ மாஸ்டர்."

"எப்பிடிக் கேக்கிற? அந்தாள் செத்த வீட்டுக்காரன் மாதிரி இருக்கான்."

"அவர்ட பாசையில கேளுங்கோ. ஒரு சொல்லுத்தானே வேணும்."

"விசரா உனக்கு? என்ன விட மூத்த ஆள். அந்தச் சொல்ல நான் எப்பிடி அந்தாளப் பாத்து..."

"அது 'தா' மாஸ்டர்."

தட்டை வைத்தார். கையை ஏப்ரனில் துடைத்தார். அதிபரின் அறைக்குள் போகிறவர் போல முதலாளியின் முன்னால் போய் நின்றார். வாய் ஒரு தரம் திறந்து மூடியது. இரண்டாம் தரமும் அப்படியே. மூன்றாம் தரம்தான் சொல் வந்தது. அதுவும் தனியாக வரவில்லை.

"டாய்... ஐயா."

முதலாளி தலையைத் தூக்கினார். மாஸ்டரையும், அவர் காட்டிய கடிதத்தையும் பார்த்தார். உச்சரிப்பைத் திருத்த நினைத்தவர் போல உதடு அசைந்தது. பிறகு பேனாவை எடுத்து, மூன்று வகுப்புப் படித்தவரின் பெரிய எழுத்தில், ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார்.

திரும்பி வரும்போது கடிதத்தை மாஸ்டர் சேட்டுக்குள் வைத்து, மேலே கையை வைத்துக்கொண்டு நடந்தார். ரயில் பாதைக்குக் கீழே நின்று சொன்னார்: "தம்பி, வயசுக்கு மூத்தவன டேய் எண்டு சொல்லிப்போட்டன். மட்டக்களப்பில ஒருத்தருக்கும் எழுதிப் போடாத."

வியாழக்கிழமை கடிதத்தை வாங்கிக் கோப்பில் வைத்தார்கள். கோப்பு நகர்வதற்கு எடுத்த காலத்தில் மாஸ்டர் அந்தக் கடையிலேயே இருந்தார். பின்கட்டிலிருந்து முன்னுக்கு வந்து, கோப்பி இயந்திரத்தடிக்கும் வந்துவிட்டார். இரண்டு வருடம் கழித்து மிராபெல் விமான நிலையத்துக்கு அவரோடு நானும் போனேன். கண்ணாடிக்கு அப்பால் மனைவியும் பிள்ளைகளும் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். பிள்ளைகள் அவர் விட்டுவந்ததைவிட உயர்ந்திருந்தார்கள். வண்டியின் ஒரு சில்லு சுழலாமல் பக்கவாட்டில் இழுத்தது. தள்ளுவதும் நிற்பதும் எங்களைத் தேடுவதுமாக அவர்கள் மிக மெதுவாக வந்தார்கள். கதவு திறந்து மூடித் திறந்தது. மாஸ்டர் கம்பித் தடுப்பில் வயிறு அழுந்தச் சாய்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"டாய்! டாய்! டாய்!" என்று கத்தினார்.

பிள்ளைகள் திகைத்து நின்றுவிட்டார்கள். அவருடைய மனைவி வண்டியை விட்டுவிட்டு முன்னால் வந்தார். கனடாவில் அவர் பேசிய முதல் வசனம் இது:

"இஞ்சேருங்க, பொம்புளப் புள்ளைகளப் பாத்து டேய் எண்டா கூப்பிடுறீங்க?"